தொலைபேசியை எடுத்தது யார்?

பிரிட்டனில் ஜி.பி. ஆகப் போகிற இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் கைமாற்றித் தரும் புத்தகங்களில் பாடநூல் அல்லாத ஒன்று உண்டு. ஜான் பெர்ஜர் எழுதி, ழான் மோர் ஒளிப்படங்கள் எடுத்து 1967இல் வெளிவந்த 'எ ஃபார்ச்சுனேட் மேன்'. தமிழில் 'அதிர்ஷ்டசாலி' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆங்கிலத் தலைப்பில் பளிச்சென்று நிற்கும் அந்த ஆண் நம்முடைய 'சாலி'யில் மறைந்துபோவான். இந்தக் கட்டுரைக்கு அவன் வேண்டும் என்பதால் தலைப்பை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஜி.பி. என்றதும் நம் ஊரில் 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்று இளக்காரமாகச் சொல்லப்படுபவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஒவ்வொருவரும் தம் வட்டாரத்தில் உள்ள ஒரு ஜி.பி. மருத்துவகத்தில் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். காதுவலி, மனச்சோர்வு, மார்பில் கட்டி, எதுவானாலும், உயிர்போகும் அவசரம் தவிர, முதலில் போவது அங்கேதான். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஜி.பி.யின் கடிதம் வேண்டும். மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதன்பின் இதற்கென்றே குறைந்தது 3 ஆண்டுப் பயிற்சி. அதில் ஒரு பகுதி மருத்துவமனை வார்டுகளில் கழியும். மீதி, இப்படியொரு மருத்துவகத்தில் ஒரு மூத்த ஜி.பி.யின் பொறுப்பில்.

வார்டிலிருந்து வரும் பயிற்சி மருத்துவரை முதலில் திகைக்க வைப்பது தனிமை. வார்டில் நோயாளி படுத்திருக்கிறார், மருத்துவர் நிற்கிறார், சுற்றிலும் ஆட்கள். இங்கே ஒரு சிறிய அறை, இரண்டு நாற்காலிகள், மூடிய கதவு. முதல் ஓரிரு வாரம் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நர்ஸோடு ஒரு நாள், மருந்தாளரோடு ஒரு நாள், வரவேற்பு மேசையில் ஒரு காலை என்று சுற்றி வரலாம். பிறகு தனியாகத்தான். ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு 30 நிமிடம் தருவார்கள். மாதங்கள் போகப்போக அது 20 ஆகி, 15 ஆகி, கடைசியில் 10இல் வந்து நிற்கும். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். நோயாளிகள் போனபின் மூத்தவரோடு உட்கார்ந்து அன்று பார்த்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு உரையாடலை வீடியோ எடுத்து, எங்கே குறுக்கே பேசினோம், எந்த இடத்தில் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கூச்சத்தோடு பார்ப்பதும் உண்டு.

முழங்கால் வலி என்று வந்த ஒரு பெண் எழுந்து கிளம்பும்போது, "அப்புறம் டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்" என்கிறார். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் அவர் வந்ததே. இதைக் காதில் வாங்கக் கற்பதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. நோய் என்னவென்று முழுதாகத் தெரியாத நிலையிலேயே ஒருவரை வீட்டுக்கு அனுப்பவும், என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி அனுப்பவும் கற்கிறார்கள். இதுவரை எனக்குப் புகார் இல்லை. நோயாளி பேசுவதைக் கேட்பதற்கு இவ்வளவு இடம் தரும் கட்டம் மருத்துவக் கல்வியில் அபூர்வம். பேச விடாமல் மருந்துச்சீட்டு எழுதப்பட்ட அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

என் சண்டை எல்லாம், இப்படிக் கேட்கும் மருத்துவருக்கு முன்மாதிரி என்று அவர்கள் கையில் தரப்படும் உருவங்களோடுதான்.

மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1957இல் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் மூலநூல்களில் ஒன்று. அதன் ஆங்கிலத் தலைப்பு 'தி டாக்டர், ஹிஸ் பேஷன்ட் அண்ட் தி இல்னெஸ்'. 'மருத்துவர், அவருடைய நோயாளி, நோய்' என்று பெயர்த்தால் மறுபடியும் அதே சிக்கல். நம் மரியாதை விகுதி அந்த 'ஹிஸ்'ஸைப் போர்த்தி மூடிவிடுகிறது. மருத்துவர் தரும் மருந்துகளில் முதன்மையானது மருத்துவரேதான் என்பது அந்த நூலின் மையக் கருத்து. லண்டனின் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜி.பி.க்களைக் கூட்டி, தங்களை உறுத்தும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்த விவாதக் குழுக்களிலிருந்து பிறந்தது அது. 'பாலின்ட் குழு' என்ற பெயரில் இன்றும் பயிற்சியாளர்கள் அப்படி உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் இந்தக் குழு விவாத முறைக்கு மைக்கேலின் மனைவி எனிட் பாலின்ட் முன்னோடி. தம்பதியரின் சிக்கல்களில் வேலைசெய்த சமூகப் பணியாளர்களோடு அவர் ஏற்கனவே இந்த வகை விவாதங்களை நடத்திவந்தார். மைக்கேல் வந்து சேர்ந்தது பிற்பாடு. 'பாலின்ட்' என்ற பெயர் இருவருக்கும் பொது என்பதால் பெயர் வைத்தவர்கள் யாரையும் விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. வசதியான ஏற்பாடு.

30 ஆண்டுகள் கழித்து, 1987இல், ரோஜர் நெய்பர் என்ற ஜி.பி. 'தி இன்னர் கன்சல்டேஷன்' எழுதினார். பத்து நிமிட உரையாடலை ஐந்து நிறுத்தங்களாகப் பிரிக்கும் அவருடைய முறையை இன்றும் கற்பிக்கிறார்கள். ஐந்தாவது நிறுத்தத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஹவுஸ்கீப்பிங்', அதாவது வீட்டுப் பராமரிப்பு. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் மருத்துவர் தன் மனதைத் துடைத்துச் சரிசெய்துகொள்வது. பயனுள்ள அறிவுரை, மறுக்கவில்லை. துக்கச் செய்தி சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே ஒரு குழந்தையின் காதைப் பார்க்க வேண்டியவருக்கு அது தேவை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. உருவகமாக ஆன பிறகுதான் வீட்டுப் பராமரிப்பு மருத்துவப் பாடத்திட்டத்துக்குள் நுழைகிறது. உருவகமாகாத அசல் வேலையை மருத்துவரின் வீட்டில் யார் செய்தார்கள்?

இந்தக் கேள்வியோடு பெர்ஜரிடம் போனால் புத்தகம் வேறுவிதமாகத் திறக்கிறது.

பெர்ஜரும் மோரும் இங்கிலாந்தின் டீன் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில், அங்கிருந்த மருத்துவரோடு ஆறு வாரம் தங்கினார்கள். புத்தகத்தில் அவருக்கு ஜான் சாஸல் என்று பெயர். உண்மைப் பெயர் ஜான் எஸ்கெல். மரம் விழுந்து அதனடியில் சிக்கிய ஒருவரை நோக்கி மருத்துவர் விரையும் காட்சியோடு தொடங்குகிறது. அந்த முதல் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மூச்சு இறுகும். சாஸலுக்கு ஜோசப் கான்ராடின் கடல் கதைகள் பிடிக்கும் என்கிறார் பெர்ஜர். கப்பலில் தனித்து நின்று பொறுப்பேற்கும் தலைவன் அவருடைய இளமைக்கால இலட்சியம். எல்லாவற்றையும் அறிய விழையும் முழு மனிதன் என்ற மறுமலர்ச்சிக் காலக் கனவும் சேர்ந்துகொள்கிறது. இரவோ பகலோ யார் கூப்பிட்டாலும் போகிறார். அந்த மக்களின் வாழ்வுக்கு அவரே சாட்சி, அவரே பதிவேடு.

பெண்கள் வராமல் இல்லை. நோயாளிகளாக வருகிறார்கள். பல ஆண்டுகளாக மூச்சிரைப்பால் வீட்டோடு முடங்கிய ஒரு பெண் வருகிறார். அவர் நோய்க்குப் பின்னால் கைவிடப்பட்ட ஓர் உறவு இருக்கிறது. மருத்துவர் அதைத் தாமதமாகத்தான் அறிகிறார். கேட்கத் தவறிய ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு, பயிற்சி மருத்துவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெண்ணின் உடல் பேசுவதை இவ்வளவு கவனமாக எழுதிய அதே பெர்ஜர், அதே ஆறு வாரத்தில், அதே கிராமத்தில், இன்னொரு பெண்ணைக் கிட்டத்தட்ட எழுதவே இல்லை.

அவர் பெயர் பெட்டி. எஸ்கெலின் மனைவி. மருத்துவகத்தின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டவர். இரவும் பகலும் அழைப்புக்குக் காத்திருக்கும் ஒற்றை மருத்துவரின் வீடு எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க நமக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அவர் ஒரு வீட்டில் இருக்கும்போது அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் யாராவது எடுக்க வேண்டும். எது அவசரம், எது காலைவரை பொறுக்கும் என்று பிரித்தறிய வேண்டும். திரும்பி வருபவருக்குச் சோறு வேண்டும், மாதக்கணக்கில் நீண்ட அவருடைய மனச்சோர்வுக்கும் யாராவது ஈடுகொடுக்க வேண்டும். அந்தச் சோர்வைப் பற்றிப் பெர்ஜர் எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். அதைப் பக்கத்தில் இருந்து தாங்கியவரைப் பற்றி எழுதவில்லை. பெட்டி இறந்த பிறகு, 1982இல், எஸ்கெல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1999இல் எழுதிய பின்னுரையில் பெர்ஜர் இந்த மரணத்தோடு மல்லுக்கு நிற்கிறார்.

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் தேடுவது அசட்டுத்தனம். அதை நான் செய்யப்போவதில்லை. நான் கேட்பது இலக்கியக் கேள்வி. ஒரு மருத்துவரின் உழைப்பைப் பற்றிய புத்தகம், அந்த உழைப்பின் பாதியை வெட்டி எறிந்தபின்தான் தன் நாயகனைத் தனியனாகக் காட்ட முடிந்தது. கான்ராடின் கப்பலில் பெண்கள் இல்லாமல் இருக்கலாம். கிராமத்து மருத்துவர் வீட்டில் இருந்தார்கள். அந்தக் காலம் வேறு என்று பெர்ஜருக்காக வாதாடுபவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். 1966இல் வந்த புதிய ஒப்பந்தம், ஜி.பி.க்கள் வைத்துக்கொள்ளும் உதவிப் பணியாளர்களின் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசே திருப்பித் தர வழிசெய்தது. வரவேற்பாளரும் நர்ஸும் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று அரசின் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொண்ட அடுத்த ஆண்டுதான் 'எ ஃபார்ச்சுனேட் மேன்' வந்தது. கணக்கருக்குத் தெரிந்தது கலைஞருக்குத் தெரியவில்லை.

ஐம்பது ஆண்டுப் பழைய விடுபடலுக்கு இன்று ஏன் இவ்வளவு கோபம்? இன்று இங்கிலாந்தின் ஜி.பி.க்களில் பாதிக்கு மேல் பெண்கள். பயிற்சிக்கு வரும் இளம்பெண் இந்தப் புத்தகத்தைப் படித்து, இப்படி ஒருவராக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவர் வீட்டில் பெட்டி இல்லை. அவரே பெட்டியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். வந்த இடத்தில் அடக்கிவைத்த மற்றதையும் சொல்கிறார்கள். பெண் மருத்துவர்கள் நோயாளியோடு சராசரியாக அதிக நேரம் பேசுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவருக்கும் அதே 10 நிமிடம்தான். மிஞ்சிய நிமிடங்களை மதிய உணவிலிருந்தோ மாலையிலிருந்தோ அவரே எடுத்துக்கொடுக்கிறார்.

பிறகு 'பகுதிநேரம்' என்ற சொல் வருகிறது. சம்பளம் பெறும் ஜி.பி.க்கு முழுநேரம் என்பது வாரத்துக்கு 9 அமர்வுகள். ஓர் அமர்வு 4 மணி 10 நிமிடம். 6 அமர்வு வேலை செய்பவர் தாளில் 25 மணி நேரம். ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனைக் கடிதங்கள், மருந்துச்சீட்டுகள் எல்லாம் அந்த 25க்குள் அடங்குவதில்லை. மருத்துவர் பற்றாக்குறைக்குப் பகுதிநேரப் பெண்களே காரணம் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது யாராவது எழுதுவார்கள். பெர்ஜரின் சாஸல் முழுநேரம் உழைத்தார். ஆனால் அந்த முழுநேரம் இரண்டு பேருடையது. இதை அந்த இளம்பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவர் எடுத்துக்கொள்வார். நல்ல மருத்துவர்கள் இந்த வேலையை விட்டு விலகுவதில் இந்தக் குற்றவுணர்வுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பாலி மோர்லண்ட் 2022இல் வெளியிட்ட 'எ ஃபார்ச்சுனேட் வுமன்' இங்கேதான் உதவுகிறது. அம்மாவின் வீட்டை ஒழிக்கும்போது புத்தக அலமாரியின் பின்னால் விழுந்துகிடந்த பெர்ஜரின் புத்தகம் அவர் கைக்கு வருகிறது. அதே பள்ளத்தாக்கில் இன்று பணிபுரியும் பெண் மருத்துவரை அவர் எழுதுகிறார். அந்த மருத்துவரை இந்தத் துறைக்கு ஈர்த்ததிலும் பெர்ஜரின் புத்தகத்துக்குப் பங்கு உண்டு. மோர்லண்ட் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. முழுக்க 'மருத்துவர்' என்றே குறிப்பிடுகிறார். கூடவே, இவர் தனியர் இல்லை. ஒரு குழு இருக்கிறது, கோவிட் வருகிறது, ஆட்கள் மாற்றி மாற்றித் தாங்குகிறார்கள். ஒரே மருத்துவரிடம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போவதன் மதிப்பைப் பற்றி மோர்லண்ட் வலுவாக எழுதுகிறார். நார்வேயில் நடந்த பெரிய ஆய்வொன்று, 15 ஆண்டுக்கு மேல் ஒரே ஜி.பி.யிடம் இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு, ஓராண்டு மட்டுமே ஒருவரிடம் இருந்தவர்களைவிட சுமார் 25 சதவீதம் குறைவு என்று கண்டது. தெரிந்த முகம் என்பதும் சிகிச்சைதான்.

ஆனாலும் இந்தப் புத்தகம் எனக்குச் சற்று மென்மையாகப் படுகிறது. பள்ளத்தாக்கின் அழகு, மருத்துவரின் பொறுமை, நோயாளிகளின் நன்றி எல்லாம் நன்றாக இருக்கின்றன. கோபம் போதவில்லை. பெர்ஜரின் மனிதனுக்கு எதிரே ஒரு பெண்ணை நிறுத்தியாயிற்று. ஆனால் 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லை இன்னும் உலுக்கியிருக்கலாம். எழில் மிகுந்த கிராமத்தை விட்டு நகரத்தின் ஏழைப் பகுதிக்குப் போனால் இதே மருத்துவர் எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பார்? அந்தப் பகுதிகளிலும் சுரங்க ஊர்களிலும் பல பத்தாண்டுகளாக ஜி.பி. வேலை பார்த்தவர்களில் பெருந்தொகையினர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள். அவர்களைப் பற்றி ஜூலியன் சிம்ப்சன் 2018இல் ஒரு வரலாற்று நூல் எழுதினார். பெர்ஜரைப் போன்ற ஓர் எழுத்தாளர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

வரவேற்பு மேசையில் கழியும் அந்த ஒரு காலையைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் சடங்காகக் கழிக்கிறார்கள். 8 மணிக்குத் தொலைபேசி திறக்கும். அழைப்புகள் வரிசையில் நிற்கும். மேசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், சம்பளம் குறைவு, திட்டு அதிகம். யார் குரல் நடுங்குகிறது, யார் இந்த மாதம் நான்காம் முறையாக அழைக்கிறார் என்பது மருத்துவருக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். லண்டனின் ஹாக்னியிலும் பிரிஸ்டலிலும் 'ஐரிஸ்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். வீட்டில் அடிவாங்கும் பெண்களை ஜி.பி. மருத்துவகத்தில் இனங்கண்டு உதவி அமைப்புகளிடம் சேர்ப்பது அதன் நோக்கம். மருத்துவர்களோடு நிறுத்தாமல் வரவேற்பு, நிர்வாகப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவகங்களிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்ட பெண்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2011இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகள் காட்டின.

மருத்துவம் படிக்கும் மாணவிகள் இரண்டு புத்தகங்களையும் படிக்கலாம். மோர்லண்டை முதலில் படியுங்கள், பெர்ஜரைப் பிறகு. பெர்ஜரைப் படிக்கும்போது, சாஸல் வெளியே கிளம்பும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு, அந்த நேரத்தில் வீட்டில் தொலைபேசி யார் கையில் இருந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள்.