படக் காசும் கைக் காசும்

கெடா மாநிலத்தில் பழங்காசு வாங்கும் முறை மாறிவிட்டது. முன்னர்ச் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களில் காசு கைக்கு வந்த பின்னரே விலை பேசப்பட்டது. எடை பார்த்தனர், விளிம்பைத் தடவினர், தட்டி ஒலி கேட்டனர். இன்றோ கைப்பேசித் திரையில் இரண்டு படங்கள் வருகின்றன. விலை ஒப்பப்படுகிறது; பணம் வங்கி வழியே செல்கிறது; காசு மட்டும் கடைசியில் வருகிறது. தோட்டத்துப் பாட்டி பெட்டியடியில் வைத்துச் சென்ற வெள்ளிக் காசுக்கு இணையாக மற்றொன்று தேடும் பேரப்பிள்ளைகளும், மாணவர்க்குக் காட்டச் சோழர் காசு ஒன்று வேண்டுமென விழையும் ஆசிரியர்களும் இவ்வாறு வாங்குவோருள் அடங்குவர்.

இம்முறை பற்றி இருவேறு கருத்துகள் உள. படம் தெளிவாயிருந்தால் துணிந்து வாங்கலாம் என்பர் ஒரு சாரார். படத்தை நம்பவே கூடாது என்பர் மற்றொரு சாரார். இரண்டும் அரை உண்மைகளே. ஒரு காசைப் பொய்யென்று தள்ளுதற்குப் படம் போதிய சான்றாகலாம். மெய்யென்று கொள்ளுதற்கு ஒருபோதும் போதாது. இவ்வேறுபாட்டை உணராமையே இழப்புகளுக்கு மூலமாகும்.

தள்ளுதற்குப் படம் போதும்

ஒருபுறம் இராமர், சீதை, இலக்குவன், அனுமன். மறுபுறம் ஆங்கில எழுத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயர், 1818 என்னும் ஆண்டு, அணா மதிப்பு. இத்தகைய செப்புக் காசுகள் பெருவிலைக்குக் கூறப்படுகின்றன. கும்பினி இவ்வமைப்பில் காசு வெளியிட்டதே இல்லை. சென்னைக் கும்பினியார் தெய்வ உருவம் பொறித்த பொன் வராகன் அச்சிட்டது உண்மை. அவ்வுண்மையின் நிழலிலேயே இப்பொய் வாழ்கிறது. இதனைத் தள்ளுதற்குத் தராசு வேண்டியதில்லை, படமே போதும்.

இராசராசன் காசு என விற்கப்படுவனவற்றையும் நோக்குக. அம்மன்னன் பெயரால் மிகுதியாகக் கிடைக்கும் செப்புக் காசுகளில் ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் இருக்கும். பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். ஆதலின், இக்காலத் தமிழ் எழுத்தில் மன்னன் பெயர் தாங்கிய காசு படத்திலேயே தோற்றுவிடுகிறது. பொலனறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் முதலியோரும் இதே அமைப்பில் தம் பெயரால் காசு வெளியிட்டனர். உருவத்தை மட்டும் பார்ப்பவர் அவற்றையும் இராசராசன் காசென்றே கொள்வர். நாகரி எழுத்தை அறிந்தவர் பிரித்தறிவர். ஈண்டு உதவுவது படத்தின் தெளிவன்று, பார்ப்பவரின் கல்வியே என்க.

கொள்ளுதற்குப் படம் போதாது

படத்தில் பிழை ஏதும் தென்படவில்லை என்றால் காசு மெய்யாகிவிடுமா? நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி நாணயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழாம் எட்வர்ட் மன்னர் தலை பொறித்த அந்நாணயம் 1903, 1904ஆம் ஆண்டுகளில் 26.95 கிராம் எடையும் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்டிருந்தது. 1907இல் அது 20.21 கிராமாகவும் 34 மில்லிமீட்டராகவும் குறைந்தது. இரண்டிலும் ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. திரையிலோ இரண்டும் ஒரே அளவாகவே தோன்றும்.

போலி செய்வோர் ஆண்டையும் தலையையும் செம்மையாகவே பெயர்த்து விடலாம். எடையைப் பெயர்ப்பது அரிது. 26.95 கிராம் வெள்ளி நாணயத்தின் பருமனிலேயே செம்பும் நிக்கலும் கலந்து செய்தால் எடை ஏறத்தாழ 23 கிராமே வரும். எடையைச் சரிக்கட்ட முனைந்தால் காசு தடிக்கும். அத்தடிப்பு விளிம்பில்தான் புலப்படும். விற்போர் பலர் விளிம்பைப் படமெடுப்பதில்லை. வார்ப்புப் போலியின் இணைப்புக் கோடும் அவ்விளிம்பிலேயே ஒளிந்திருக்கும். படத்தில் உள்ளது ஒரு காசாகவும் உறையில் வருவது வேறாகவும் இருத்தல் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

ஒளியும் எழுத்தும்

தமிழாசிரியர்கள் சிறப்பாகக் கருதவேண்டியது எழுத்து. பெருவழுதி என்னும் பெயர் தமிழ்ப் பிராமியில் பொறித்த, குதிரை உருவம் கொண்ட பாண்டியர் செப்புக் காசை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். சங்க இலக்கியத்தில் கேட்ட பெயர் காசில் தோன்றியமை தமிழ் வரலாற்றுக்குப் பெரும் பேறு. அதன் பின் அத்தகைய காசுகளை விரும்புவோர் பெருகினர். விரும்புவோர் பெருகும் இடத்துக்குப் போலியும் தேடி வரும்.

காசின் எழுத்து ஏட்டெழுத்துப் போன்றதன்று. புடைத்து நிற்பது, அதுவும் தேய்ந்து நிற்பது. இடப்புறமிருந்து ஒளி விழுந்தால் ஒரு கோடு மறையும். மேலிருந்து விழுந்தால் மற்றொன்று மறையும். கீழிருந்து ஒளி விழுந்தால் பள்ளம் மேடாகவே தோன்றுவதுண்டு. ஒரே படத்தைக் கொண்டு எழுத்தை வாசிப்பவர், காசில் உள்ளதையன்றித் தம் மனத்தில் உள்ளதையே வாசித்துவிடக் கூடும். அவ்வாசிப்பு வகுப்பறைக்குச் சென்றால் இழப்பு பணத்தோடு நில்லாது. பொய் வரலாறு பிள்ளைகளின் ஏட்டில் ஏறிவிடும்.

படம் சொல்லாத பிறப்பிடம்

பூசாங் பள்ளத்தாக்கில் கிடைத்த அப்பாசியர் காலத்து வெள்ளிக் காசு கெடாவின் பழைய வாணிகத்துக்குச் சான்றாயிற்று. அக்காசு எந்த மண்ணில் கிடைத்தது என்பது அறியப்பட்டமையே காரணம். திரையில் வரும் காசுக்கு மண் இல்லை. 'கரூர் ஆற்றுப் படுகையில் எடுத்தது' என்னும் விற்போர் சொல்லே அதற்கு ஊர். அச்சொல் மெய்யாயின் மற்றோர் இடர் எழும். நூறாண்டைக் கடந்த காசுகளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. ஆகவே அங்கிருந்து அஞ்சலில் வரும் சங்ககாலக் காசு பொய்யாயின் நட்டம், மெய்யாயின் குற்றம். இவ்விரண்டினுள் எதை விரும்பி வாங்குவது?

செய்யத்தக்கது

படத்தை விலக்க வேண்டுவதில்லை. அதனை முதல் வாயிலாக மட்டும் கொள்ளல் வேண்டும். இரு பக்கங்களோடு விளிம்பின் படமும், இருபுறத்து ஒளியில் எடுத்த படங்களும், அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படமும், தராசில் எடை தெரியும் படமும், அன்றைய நாளை எழுதிய தாளோடு காசு நிற்கும் படமும் கேட்டுப் பெறுதல் தகும். தர மறுப்பவரிடம் வாங்காமை நன்று. தருபவரிடமும், காசு கைக்கு வந்து எடை ஒத்த பின்னரே வாங்கல் முடிவுறும், ஒவ்வாதாயின் திருப்பலாம் என்னும் உடன்பாட்டை எழுத்தில் பெறல் வேண்டும்.

கெடாவுக்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அதில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என எழுதப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். கடல் கடந்து சென்ற அத்தமிழர் பொன்னைக் கண்ணால் மட்டும் மதிக்கவில்லை. கல்லையும் உடன்கொண்டு சென்றார். வள்ளுவரும் மாந்தரைத் தேறுமிடத்துக் கட்டளைக்கல்லையே உவமை கொண்டார். கண்ணுக்கு இனியதைக் கல்லில் உரைத்துக் கொள்ளுதல் தமிழர்க்குப் பழைய பாடம். படங்கள் மலிந்த இந்நாளில் அது புதிதாகப் படிக்க வேண்டிய பாடமுமாகும்.