பறம்பு: மலைப்பெயரும் மனைப்பெயரும்

பறம்பு என்றதும் தமிழ் கற்றோர் நினைவுக்கு வருவது பாரியின் மலை. மலையாள நாட்டிலோ அச்சொல் வீடுதோறும் வழங்கும் பொதுப்பெயர். ஊர்ப்பெயர் ஆய்வுகளில் 'பறம்பு என்பது மலை' எனப் பொருள் எழுதி அமைவது இவ்விரு வழக்குகளையும் விளக்கப் போதுமானதன்று.

மலையாளத்தில் பறம்பு என்பது வயலுக்கு மேலாக அமைந்த மேட்டு நிலம்; தென்னையும் பலாவும் மிளகுக்கொடியும் வளர்வது. நீர் நிற்கும் தாழ்நிலம் பாடம் அல்லது வயல் எனப்படும். குண்டர்ட் 1872இல் வெளியிட்ட மலையாள அகராதியும் உயர்நிலம், தோட்டம் ஆகிய பொருள்களைத் தருகின்றது. எனவே, இச்சொல்லின் பொருள் உயரத்தின் அளவைச் சார்ந்ததன்று. தாழ்நிலத்தோடு அது கொண்ட வேறுபாட்டைச் சார்ந்தது.

இவ்வேறுபாடு மலையாளத்திற்கே உரியது எனக் கொள்ளவும் இயலாது. புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் பறம்பின் வளமாகக் கூறுவன மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கு. இவை உழவர் உழாமலே கிடைப்பன. மூவேந்தர் முற்றுகையிட்டும் பறம்பு பணியாமைக்கு இதுவே காரணமாகக் காட்டப்படுகின்றது. இங்கும் பறம்பு, உழுநிலத்திற்கு மறுதலையாகவே நிற்கின்றது. மலை என்னும் பொருளோடு இப்பொருளையும் இணைத்துக் கொண்டால்தான் பாடலின் வாதம் முழுமையாக விளங்கும்.

மேட்டு நிலத்தில் மனை அமைந்தமையால் நிலப்பெயர் வீட்டுப்பெயராயிற்று. வீட்டுப்பெயர் ஆட்பெயரோடு சேர்ந்து குடும்பப்பெயராயிற்று. பறம்பில், புத்தன்பறம்பில் என்பவற்றில் இடப்பொருள் உணர்த்தும் 'இல்' உருபும், பறம்பத்து என்பதில் அத்துச் சாரியையும் இன்றும் தெளிவாக உள்ளன. கண்ணூர் மாவட்டத் தளிப்பறம்பு போன்ற ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. தமிழகத்திலோ, பாரியின் பறம்பு எனக் கருதப்படும் சிவகங்கை மாவட்ட மலை தேவாரத்தில் கொடுங்குன்றமாகி, இன்று பிரான்மலை என வழங்குகின்றது. தனிமலைக்கு உரியதாகச் சுருங்கிய இடத்தில் சொல் மறைந்தது. மனைதோறும் பரவிய இடத்தில் அது வாழ்கின்றது.

ஆயினும் அவ்வாழ்விலும் ஓர் இழப்பு உண்டு. வயல்களை மண்ணிட்டு நிரப்பும் போக்கைத் தடுக்கக் கேரள அரசு 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. வயல் மேடானால் பறம்பு என்னும் சொல் சுட்டும் வேறுபாடும் மறையும். எஞ்சுவது குடும்பப்பெயர் மட்டுமே. ஆதலால் பெயர்களைத் தொகுப்போர், அப்பெயர்க்குரிய மனையின் அருகே இருந்த தாழ்நிலத்தையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அஃதின்றித் தொகுக்கப்படும் பெயர்ப்பட்டியல் சொல்லைக் காக்கும், பொருளைக் காவாது.