வாசகர் இல்லாத கட்டுரைகள்

மாணவருக்கு எழுத வராது என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் அடிக்கடி கேட்கும் குறை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் யாருக்காக எழுதுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கட்டுரைக் கொப்பிக்கு ஒரேயொரு வாசகர்தான். அவர் கையிலும் சிவப்புப் பேனா.

தமிழ்த்தினப் போட்டிகளில் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் மனனம் செய்து பரிசு பெறுவதுண்டு. நமது சஞ்சிகைகளின் மாணவர் பக்கங்களிலும் பெரும்பாலும் அதே குரல்தான். தாயின் பெருமை, நோன்பின் மாண்பு எனத் தலைப்புகள் மாறும். எழுதிய பிள்ளை கண்டியா கல்முனையா என்று கண்டுகொள்ள முடியாது.

பிரான்சின் கிராமத்து ஆசிரியர் செலஸ்தான் ஃப்ரெனே 1924இல் தம் வகுப்பறைக்குள் சிறு அச்சியந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் அனுபவத்தை எழுதி, தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டு, வேறொரு பாடசாலைக்கு அனுப்பினர். நமக்கும் முன்னோடி உண்டு. கண்டியிற் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பாடசாலைகளுக்காக உழைத்த அவருக்குக் கல்வியும் பத்திரிகையும் இரு வேறு பணிகளாக இருக்கவில்லை.

2018 மார்ச்சில் திகனக் கலவரம் ஓய்ந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது, விரும்பியதை எழுதும்படி தரம் ஒன்பதுக்குச் சொன்னேன். ஒரு மாணவன் ஐந்தே வரி எழுதியிருந்தான். வாப்பா லைட்ட நூத்திட்டார், உம்மா தங்கச்சிட வாயப் பொத்திட்டு இருந்தா என்றிருந்தது. நான் அதைச் செந்தமிழாக்கி, 'அன்னையார்', 'இளைய சகோதரி' எனத் திருத்தி, அவன் சம்மதத்துடன் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினேன். அவன் படித்துவிட்டு, "சேர், இது நான் எழுதினதில்ல" என்றான்.

மறுநாள் அவனுடைய எழுத்தையே ஒட்டினேன். "பொறகு தங்கச்சி அழுதாளா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவன் இரண்டு பக்கம் எழுதினான். என் சிவப்புப் பேனா அத்தனை வருடங்களில் செய்யாததை ஒரு வாசகி செய்துவிட்டாள்.

வலைப்பூ இந்தச் சுவரை அகலமாக்கும் கருவி. கருவி வந்தால் மட்டும் போதாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பில் பெரும்பாலும் குறிப்புகளின் படங்களே வந்தன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதினர். கருவி புதிது, வாசகர் பழையவர்.

அபாயமும் உண்டு. அதே 2018 மார்ச்சில் வதந்தி கைபேசி வழியே பரவ, அரசு சமூக வலைத்தளங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது. 2020இல் ஃபேஸ்புக் நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. ஆகவே முதலில் வகுப்புக்குள் எழுதட்டும். பிறகு, பெயர் குறிக்காமல், பெற்றோர் சம்மதத்துடன் வெளியே செல்லட்டும். தன் வரிக்குத் தானே பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, யாரோ அனுப்பிய வரியைக் கண்ணை மூடிக்கொண்டு மற்றவருக்கு அனுப்பமாட்டான்.

சஞ்சிகை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்துக்கு வரும் எழுத்தில் பிழையைத் திருத்துங்கள். உம்மாவை அன்னையாராக்கிவிடாதீர்கள்.