பிழிந்த விரல்கள்

சங்கப் பாடல்களில் கொல்லிமலைக்கு வாய்த்த பெண் ஒரு பாவை. பார்ப்பவரை மயக்குவாள், வேலை எதுவும் செய்யமாட்டாள். செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் உட்கார்ந்து பெரும்பாணாற்றுப்படையை மறுபடி படித்தபோது அவள் நினைவு வந்தது. அங்குள்ள பெண்களோடு சேர்ந்து, தானியங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைப் பொதுக் குறிப்பேடாகத் தொகுக்கப் போயிருந்தேன்.

உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் கள் விளையும் விதத்தைச் சொல்கிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிவது. பியர் காய்ச்சத் தெரிந்த எவரும் இதை அடையாளம் கண்டுகொள்வார். முளையிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் கள்ளாக்கும். அளவு மட்டும்தான் இல்லை.

எழுவாயைத் தேடிப் பாருங்கள். வினையெச்சங்கள் வரிசையாக வருகின்றன, செய்தவர் வரவில்லை. முன்னிலையில் அழைக்கப்படுபவர் குடிக்கப்போகும் பாணர். பிழிந்த விரல்கள் பெண்ணுடையவை என்று பாடல் சொல்லவில்லை, நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வீட்டுக்குள் அரிசி வேகவைத்தது யார் என்று நம்மில் எவருக்குச் சந்தேகம்? ஒளவை அதியமானோடு கள்ளைப் பகிர்ந்து குடித்ததை அவரே பாடியிருக்கிறார். குடித்தவளுக்குப் பெயர் இருக்கிறது. காய்ச்சியவளுக்கு இல்லை.

எங்கள் குறிப்பேடும் அந்த வழியில்தான் போனது. சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, திருகுலாசாமை என்று விதைப் பெயர்கள் மளமளவென்று வந்தன. தொம்பையில் சேமிக்கும் முறை வந்தது. மரவள்ளி ஏறிச் சாமை இறங்கிய கதையும் வந்தது. புளிக்கவைப்பதைக் கேட்டதும் வயதான அம்மா ஒருவர் சிரித்தார்: “கூழு புளிக்கிறதுல எழுத என்ன கண்ணு இருக்கு?” பேரனுக்கு முளைகட்டிய கேழ்வரகை அரைக்கிறவர் அவர். முளை, புளிப்பு இரண்டும் கைவசம் உள்ளவர்.

கள்ளைப் பற்றிக் கேட்டேன். பேச்சு நின்றுபோனது.

1937இல் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். கொல்லிமலை அன்று அதற்குள்தான். வீட்டில் காய்ச்சுவது இன்றும் குற்றம், கடை வைத்து விற்பதோ 2003 முதல் அரசே. பயம் மட்டுமல்ல. குடித்துவிட்டு வருகிறவரிடம் அடிவாங்கிய வீடுகளில் இந்தக் கேள்வியே அபத்தம். ‘பெண்களின் மரபு’ என்று கள்ளைக் கொண்டாடி எழுதுகிறவர்கள் (நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்) அந்த வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அசாமில் திமாசா பெண்கள் காய்ச்சும் ஜூதிமாவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரிசிக் கள்ளின் அறிவு ஒரு சமூகத்தின் சொத்தாகப் பதிவேறியது. இங்கே எவரும் காய்ச்ச வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மாவைப் புளிக்கவைக்கிற அறிவையாவது, ‘எழுத என்ன இருக்கு’ என்பதற்கு வெளியே எடுத்துவர வேண்டும்.

மறுநாள் அந்த அம்மாவே வந்து உட்கார்ந்தார். “மார்கழில ஒரு ராத்திரி பத்தாது, ரெண்டு வேணும். மோந்து பாரு, பானையே சொல்லும்.” அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். கீழே அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

“எங்க மாமியா பேரப் போடு.”