அட்டவணைகளைக் கோக்கும் கைவண்ணம்

தரவுகளை ஒன்றையொன்று சுட்டும் அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்ததும், அதற்கான வினவல் மொழியை அந்நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டதும், அதுவே பின்னர் எஸ்க்யூஎல் ஆனதும் பலர் அறிந்தவை. அம்மொழியின் வாக்கியங்களைப் பயனரின் தேவைக்கேற்ப நிரலுக்குள்ளேயே கட்டியெழுப்பும் கைத்திறனை ரசித்துப் பேசுவோர் குறைவு.

நூல்கள், ஆசிரியர்கள், இரவல்கள் என மூன்று அட்டவணைகள் கொண்ட நூலகத் தேடல் ஒன்றில், ஒவ்வொரு நூலின் வரிசையிலும் அயல் சாவி எனப்படும் ஆசிரியர் எண் இருக்கும்; அவ்வெண்ணைக் கொண்டு இரு அட்டவணைகளின் வரிசைகளைப் பொருத்துவதே ஜாயின் எனும் இணைப்பு. தேடுபவர் ஆசிரியர் பெயரைத் தரலாம், தராமலும் விடலாம் என்பதால், பழக்கமற்ற நிரலர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டத் தொடங்குவார். எங்கோ ஒரு மேற்கோள்குறி தவறினால், பயனர் தட்டச்சிட்ட சொல்லே தரவுத்தளத்துக்குக் கட்டளையாகிவிடும்.

மைக் பேயர் 2006இல் பைத்தான் மொழிக்காக வெளியிட்ட எஸ்க்யூஎல்ஆல்கெமி எனும் நிரல்தொகுப்பின் நேர்த்தி இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. நூலின் ஆண்டு 1990ஐவிடப் பெரியது என்று அதில் எழுதினால், உண்மை அல்லது பொய் என்ற விடை வருவதில்லை. அந்த ஒப்பீடே ஒரு பொருளாக நிரலின் கையில் தங்க, 1990 என்ற எண் வாக்கியத்தில் கலக்காமல் தனி அளவுருவாக ஒதுங்கி நிற்கிறது. இப்படிச் சேர்ந்த நிபந்தனைகள் அனைத்தும், வினவல் இயக்கப்படும் வேளையில்தான் எஸ்க்யூஎல் வாக்கியமாக உருப்பெறுகின்றன. ஆசிரியர் பெயர் தரப்படாத தேடலில் ஆசிரியர் அட்டவணையை இணைக்காமலே விட்டுவிடலாம்.

ஆயினும் தேர்ந்த கையை அடையாளங்காட்டுவது இரவல் அட்டவணைதான். ஐந்து முறை இரவல் போன நூல், சாதாரண இணைப்பில் ஐந்து வரிசைகளாகப் பெருகும். அதைப் பின்னர் டிஸ்டிங்க்ட் போட்டுச் சுருக்குவது மெத்தனம், இரவல் உண்டா என்று மட்டும் வினவும் எக்ஸிஸ்ட்ஸ் உட்வினவலோ அப்பெருக்கத்துக்கே இடங்கொடுப்பதில்லை. இரவலே போகாத நூல்களையும் காட்ட இடப்புற இணைப்பு வேண்டும். அதிலும் இரவல் தேதி பற்றிய நிபந்தனையை, வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் வைத்தால், வெற்று மதிப்போடு வந்த வரிசைகள் ஓசையின்றி உதிர்ந்துவிடும் என்பதால், நயமறிந்தவர் அதை இணைப்பின் விதியைச் சொல்லும் ஆன் (ON) பகுதியிலேயே வைப்பார்.

வசதி மிகுந்த இத்தகைய கருவிகள் சோம்பலையும் வளர்க்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. நூறு நூல்களைப் பெற்று, ஒவ்வொன்றின் இரவல்களையும் சுழற்சிக்குள் தொட்டால், ஒரு வினவலுக்குப் பதில் நூற்றொன்று ஓடும். நிரலில் அது கண்ணுக்கே படாது. இரவல்களை மொத்தமாக முன்கூட்டியே ஏற்றும் வழியையும் பேயரின் நிரல்தொகுப்பு தருகிறது, ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் நிரலரே. ஆகவே கருவி ஈன்ற எஸ்க்யூஎல்லைப் பதிவேட்டில் ஒருமுறை வாசித்துப் பார்க்காதவரை இக்கலையில் வல்லவர் என்று கொள்ள இயலாது.