ஏழு பருவமும் பெண்ணுடலும்

உலா நூல்கள் மகளிரைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்தினராக வகுத்துப் பாடும். இதனைப் பெண்ணுடலின் வளர்நிலை கூறும் பகுப்பெனக் கொள்வாரும் உளர். அது பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

பாட்டியலாரின் பெருவழக்கில் பேரிளம்பெண்ணுக்கு எல்லை 40 ஆண்டு. பூப்பு நிற்றலோ பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையே நிகழ்வது. கருவுறுதல், மகப்பேறு, பூப்பு நிற்றல் ஆகிய இவற்றுள் ஒன்றும் அப்பருவங்கட்கு வரம்பாக வைக்கப்படவில்லை. பவனி வரும் தலைவனைக் கண்டு மகளிர் காமுறுதலே உலாவின் பொருள். 40ஐக் கடந்தவளின் நலம் பற்றி அது வாய் திறவாமைக்கு இதுவே காரணம்.

உடல்வாழ்வு பற்றிய குறிப்புகளைத் தொல்காப்பியத்தே காண்கின்றோம். உரியியல், ஈன்றணிமையைக் குறிக்கும் 'புனிறு' என்னும் சொல்லை விளக்குகின்றது. கற்பியல், பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாள் தலைவன் மனைவியை நீங்கி உறைதல் கூடாது என்கின்றது. 28 நாள் சுழற்சியில் கருவுறற்குரிய நாள்கள் ஏறத்தாழ 9 முதல் 14 வரை. அவற்றுட் பலவற்றை இவ்விதி தழுவுகின்றது. எனினும், பாலூட்டிகளின் கருமுட்டையைப் பேயர் கண்டறிந்தது 1827இல். பழந்தமிழர் அதனை அறிந்திருந்தனர் என்றல் மிகைபடக் கூறலாகும். நாள்களை நோக்கி அறிந்த பட்டறிவு என்று கொள்வதே அமையும்.

ஆகவே, மகளிர் உடல்நல வரலாறு எழுதப் புகுவார் உலாவின் ஏழு பருவத்தை விடுத்துத் தொல்காப்பியத்தின் இக்குறிப்புகளைச் சான்றாகக் கொள்க என்பது எம் கருத்து.