அம்பிறகுக்கு எந்தப் பசை?

வீட்டிலேயே அம்பு செய்யத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பசை கெட்டியாகப் பிடிக்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. பிடித்த பசை எப்போது, எந்த இடத்தில் விடும்? விட்ட பிறகு தண்டைச் சிதைக்காமல் வேறு இறகை ஒட்ட முடியுமா? இந்த மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இன்று மர அம்பு செய்கிறவர்களில் பலர், கடையில் கிடைக்கும் உடனடிப் பசையில் இரண்டு சொட்டு விட்டு இறகை அழுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், இறகு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாண் தள்ளும் வேகத்தில் மரத்தண்டு வளைகிறது. வில்லின் பிடியை ஒட்டி நெளிந்தபடியேதான் வெளியேறுகிறது. வால்பக்கத்து இறகுகள் காற்றில் இழுபட்டு அந்த நெளிவை அடக்கி, தண்டை நேர்ப்படுத்துகின்றன. வெளியேறும்போது இறகு வில்லில் உரசினாலும் படிந்து கொடுத்து, மறுகணம் நிமிர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் இறகு அப்படிப் படியாது. வில்லில் தட்டி அம்பின் போக்கையே மாற்றிவிடும். மரவில்காரர்கள் இன்றும் வான்கோழி இறகையும் வாத்து இறகையும் விடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே பசை இறகைத் தண்டோடு பிடித்து வைத்தால் மட்டும் போதாது. இறகின் இழைகளுக்குள் ஏறி அவற்றை விறைக்கச் செய்யவும் கூடாது.

அடுத்தது, பசை தாங்க வேண்டிய பாரம். பசையின் வலிமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதில் இரண்டு உண்டு. ஒட்டிய பரப்பு முழுவதையும் ஒன்றாக நகர்த்தப் பார்க்கும் விசையைத் தாங்குவது ஒன்று. ஒரு நுனியைத் தூக்கி, அங்கிருந்து உரித்துக்கொண்டே போகும் விசையைத் தாங்குவது மற்றொன்று. இறகின் காம்பு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தண்டின் மேல் படிந்திருக்கிறது. பறக்கும்போது காற்று கொடுக்கும் இழுப்பு முதல் வகை. அதைச் சாதாரணப் பசையே தாங்கிவிடும். சோதனை வருவது அம்பு இலக்கில் பாயும்போது. வைக்கோல் இலக்கை வால்வரை துளைத்துப் போகும் அம்பின் இறகில், முன்நுனிக்கு அடியில் ஒரு தாள் புகுந்து காம்பை நெம்புகிறது. புல்லுக்குள் சறுக்கி நுழையும் அம்புக்கும் இதே கதிதான். அம்பிறகு பிய்வது பெரும்பாலும் இப்படித்தான், முன்நுனியிலிருந்து பின்னோக்கி.

முன்நுனி தூக்கிய இறகால் அம்பு கெடுவது சிறிய நஷ்டம். பெரிய ஆபத்து எய்கிறவரின் கைக்கு. பழைய மரவில்களில் அம்பைத் தாங்கத் தனி மேடை கிடையாது; வில்லைப் பிடித்திருக்கும் கையின் மேலேயே அம்பு உட்கார்ந்து, அதை உரசிக்கொண்டு புறப்படும். தூக்கி நிற்கும் காம்பின் நுனி கடினமானது, கூரானது. வினாடிக்கு ஐம்பது மீட்டர் அளவிலான வேகத்தில் அது ஆள்காட்டி விரலின் அடியில் ஏறினால், முள் குத்தியதுபோல் சும்மா விடாது. சதைக்குள் புகுந்து அங்கேயே முறியும். பசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் பேச வேண்டியது இதை.

இனி உடனடிப் பசைக்கு வருவோம். ஃபெவிக்விக் என்றும் வேறு பெயர்களிலும் நாம் வாங்குவது சயனோஅக்ரிலேட். அமெரிக்காவில் ஹாரி கூவர் 1942-இல் இந்த வேதிப்பொருளைக் கையாண்டபோது, தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கி வைத்தார். 1951-இல் அதே குணத்தின் பயன் புரிந்தது; 1958-இல் பசையாகக் கடைக்கு வந்தது. பரப்பில் இருக்கும் இம்மியளவு ஈரம் பட்டதும் இது கெட்டிப்படுகிறது.

இதன் பெரிய பலம் நேரம். ஒரு டஜன் அம்புக்கு மூன்று வீதம் 36 இறகுகள். இறகைத் தண்டில் பிடித்து வைக்கும் ஒரே கிளாம்ப் உள்ள ஜிக்கில் மெதுவாகக் காயும் பசையைப் போட்டு, இறகு ஒன்றுக்குக் கால்மணி நேரம் என்று வைத்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். உடனடிப் பசையில் அரை நிமிடம் அழுத்தினால் போதும். ஒட்டும் நேரம் மொத்தமே பதினெட்டு நிமிடம். வேலைக்குப் போய் வந்து மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. பசையின் எடையும் கணக்கில் வராத அளவு. வாலில் எடை கூடினால் அம்பு தடுமாறும் என்பதால் இதுவும் நல்ல குணமே. மரம், கார்பன், அலுமினியம் என்று எந்தத் தண்டிலும் பிடிக்கும்.

குறைகளும் அதே அளவுக்கு இருக்கின்றன. சயனோஅக்ரிலேட் காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடும். நகர்த்தும் விசையை அது அபாரமாகத் தாங்கும். உரிக்கும் விசைக்கும் அதிர்ச்சிக்கும் சட்டென்று விரிசல் விடும். இறகுக்கு எந்த இடத்தில் வலு வேண்டுமோ அந்த இடத்தில்தான் இந்தப் பசை பலவீனமாக இருக்கிறது. நீர்போல ஓடும் வகையைப் போட்டால் அது காம்பின் ஓரமாக இழைகளுக்குள் ஏறி, அடிப்பகுதியை வெள்ளையாகவும் விறைப்பாகவும் ஆக்கிவிடும். படிந்து கொடுக்க வேண்டிய இறகு படியாது. கோணம் தவறினால் திருத்த இடமில்லை. பிய்ந்த பிறகு சுத்தம் செய்ய அசிட்டோன் வேண்டும். அது தண்டின் லாக்கர் பூச்சையும் சேர்த்துக் கரைக்கும். கத்தியால் சுரண்டினால் மரம் போகும். ஒரு மூங்கிலைத் தேடி, உலர்த்தி, அனலில் காட்டி நேராக்கி, எடை பார்த்துச் சேர்க்க எத்தனை நாள் ஆகிறது! தேய்ந்து மாறவேண்டியது இறகு. காப்பாற்ற வேண்டியது தண்டு. ஒட்டுவதில் அரை நாளை மிச்சப்படுத்தி, தண்டைத் தியாகம் செய்யும் பசையை முழு நீளத்துக்கும் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

பழைய காலத்து அம்புகளைப் பார்த்தால் இந்தச் சிக்கலுக்கு எவ்வளவு முன்பே விடை கண்டுவிட்டார்கள் என்பது தெரியும். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்ஸி என்னும் ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதனிடம் பதினான்கு அம்புத் தண்டுகள் இருந்தன. முழுமை பெற்றவை இரண்டுதான். அந்த இரண்டிலும் இறகுகள் பிர்ச் மரப்பட்டையிலிருந்து இறக்கிய தாரில் பதிக்கப்பட்டு, அதன் மேல் காஞ்சொறி நாரிழை சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. தார் குளிரில் இறுகும், சூட்டில் இளகும், நனைந்தாலும் கரையாது. இறகு கெட்டால் சூடு காட்டிக் கழற்றிவிடலாம்.

1545-இல் மூழ்கி 1982-இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட இங்கிலாந்துப் போர்க்கப்பல் மேரி ரோஸிலும் இதே முறைதான். அதில் கிடைத்தவை சுமார் 3,500 அம்புகள். இறகுகள் மக்கிப் போய்விட்டன. ஆனால் அவை இருந்த இடத்தில் செம்பு கலந்த பச்சை நிற மெழுகுப் பூச்சு எஞ்சியிருக்கிறது. நூல் சுருள்சுருளாகச் சுற்றிய தடமும் அதில் இருக்கிறது. செம்பைக் கலந்தது இறகு தின்னும் பூச்சிகளை விரட்டுவதற்காக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. தேன்மெழுகு வலுவான பசை இல்லை என்பது யாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் போருக்கு அம்பு செய்தவர்கள் அதை நம்பியதற்குக் காரணம், பாரத்தைத் தாங்கியது நூல். மெழுகு இறகை நகராமல் வைத்தது, அவ்வளவே. நூல் காம்பை அமுக்கிப் பிடித்திருக்கும்போது அதன் நுனியை நெம்பித் தூக்க வழியில்லை. உரிக்கும் விசை நகர்த்தும் விசையாக மாறிவிடுகிறது. வட அமெரிக்கப் பழங்குடிகள் ஈரமான மான் தசைநாரைச் சுற்றியதும் இதே கணக்குத்தான். காயும்போது அந்த நார் சுருங்கித் தானே இறுகி ஒட்டிக்கொள்ளும்.

நம் தச்சர்கள் வச்சிரம் என்று அழைக்கும் தோல்பசை, மரத்தண்டுக்கு நான் மிகவும் மதிக்கும் பசை. நீரில் ஊறவைத்து, இன்னொரு பாத்திரத்து வெந்நீருக்குள் வைத்து, 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் வலு போய்விடும். பூச்சு இல்லாத மரத்தையும் இறகுக்காம்பையும் இது அருமையாகப் பிடிக்கும். வெதுவெதுப்பான ஈரத் துணியைச் சிறிது நேரம் சுற்றி வைத்தால் இறகு அலுங்காமல் வந்துவிடும். தண்டுக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் எந்த ஈரத்தால் கழற்றுகிறோமோ அந்த ஈரம்தான் இதன் எதிரி. சென்னை, நாகப்பட்டினம்போன்ற கடலோரக் காற்றில் மழைக்காலத்தில் இது இளகும். எலியும் பூச்சியும் தேடி வரும். நூல் சுற்றி, அதன்மேல் அரக்கோ வார்னிஷோ பூசி அடைத்தால்தான் நம் ஊரில் நிற்கும். அந்தச் சிரமம் வேண்டாம் என்று ஒருவர் ஒதுங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை, பூச்சில்லாத மரத்துக்கு நல்லது. வார்னிஷ் பூசிய தண்டில் காயவும் காயாது, பிடிக்கவும் பிடிக்காது. அரால்டைட் போன்ற எபாக்ஸி, தேவைக்கு மீறிய வலிமை. வழியும், எடை கூட்டும், கழற்ற முடியாது. செருப்புக்குப் போடும் ரப்பர் பசை உரிப்பதைத் தாங்கும், ஆனால் வெயிலில் மெல்ல மெல்ல நகரும். இறகுக்கென்றே வரும் இரட்டைப் பக்க நாடா வேகமானது. நுனிகளை வேறு ஏதாவது பிடித்திருந்தால் மட்டும் நம்பலாம். நைட்ரோசெல்லுலோஸ் சிமென்ட் என்னும் வகை (டூகோ அதில் ஒன்று) லாக்கர் பூச்சை இளக்கி அதோடு கலந்து பிடிக்கும், திருத்த அவகாசம் தரும், காய்ந்த பிறகும் ஓரளவு வளையும். கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதையே வாங்கலாம். பாலியூரித்தேன் பூசிய தண்டில் மட்டும் அது மேலோடு நின்றுவிடும்.

பூச்சைப் பற்றி இன்னொன்று. வார்னிஷ் பூசிய தண்டில் பசை பிடிப்பது மரத்தை அல்ல, வார்னிஷை. சரியாகக் காயாத வார்னிஷ் உரிந்தால் இறகும் அதோடு வரும்; பழி பசையின் மேல் விழும். மூங்கிலின் வெளித்தோல் மெழுகுப் பளபளப்புடையது. உப்புத்தாளால் லேசாகத் தேய்க்காமல் எதை ஒட்டினாலும் நிற்காது. இறகுக்காம்பின் அடியையும் தேய்த்துத் தட்டையாக்கி, முன்நுனியைச் சாய்வாக மெலிதாக்கி, விரல் எண்ணெய் போகும்படி ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பசையின் பெயரைப் பற்றி நடக்கும் வாதங்களில் பாதி, இந்தத் துடைப்பைச் செய்தால் அடங்கிவிடும்.

நூல் கட்டுவது பயப்படுகிற அளவுக்கு வேலை இல்லை. மெலிதாக்கிய முன்நுனிக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கி, இடைவெளி விடாமல் ஒரு சென்டிமீட்டர் சுற்றினால் காம்பின் நுனி முழுதாக மூடிவிடும். கடைசிச் சில சுற்றுகளுக்கு அடியில் தனியாக ஒரு நூல் வளையத்தை வைத்து, நூலின் முனையை அதில் கோத்து இழுத்தால், முனை சுற்றுகளுக்கு அடியில் மறைந்துவிடும், முடிச்சே வேண்டாம். பின்நுனிக்கும் அதுபோலவே. பட்டு நூலோ பாலியெஸ்டர் நூலோ போதும். இந்த நூல்கட்டைப் பத்திரப்படுத்த ஒரு சொட்டு உடனடிப் பசை விடலாம், உடனடிப் பசைக்கு மர அம்பில் இதுவே சரியான இடம். பருத்தி நூலில் மட்டும் தாராளமாகக் கொட்டக் கூடாது. பருத்தியில் பட்டால் அது சூடேறி விரலைச் சுடும்.

என் தீர்ப்பு இது. மரத்துக்கும் மூங்கிலுக்கும், கழற்றக்கூடிய பசையை முழு நீளத்துக்கும் போட்டு, இரு நுனிகளிலும் நூல் கட்டுங்கள். தண்டு பூச்சில்லாததென்றால் வச்சிரமோ வெள்ளைப் பசையோ, லாக்கர் பூசியதென்றால் நைட்ரோசெல்லுலோஸ் சிமென்ட். கார்பன் தண்டுக்கு உடனடிப் பசையைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அங்கும் முன்நுனிக்குத் தனிக் காப்பு வேண்டும். எந்தப் பசையானாலும், ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் மூன்று இறகுகளின் முன்நுனியிலும் நகத்தை வைத்து நெம்பிப் பாருங்கள். இம்மியளவு அசைந்தாலும் அந்த அம்பைத் தனியே எடுத்து வையுங்கள். சரிசெய்யாமல் நாணில் ஏற்றாதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.